கண்காட்சிச் சுவரொட்டிகளில் மினிமலிச வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்காட்சி நடத்துவோரும், அவர்களுக்காகச் சுவரொட்டி வடிவமைப்போரும், அதைச் சுவரில் பார்த்துவிட்டு “இதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று கேட்போரும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். விடைகள் ஒரே நீளத்தில் இல்லை. சில கேள்விகளுக்கு நான்கு வரி போதும். சிலவற்றுக்கு ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

மினிமலிசச் சுவரொட்டி என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு கண்காட்சியைப் பற்றிச் சொல்லக்கூடிய பலவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, அதை மிகச் சில உருவங்களாலும் எழுத்துகளாலும் நிறங்களாலும் சொல்லி, மீதிப் பரப்பை அந்த ஒன்றுக்குத் துணையாக வெறுமையாக விடும் சுவரொட்டியை அப்படி அழைக்கிறோம். உருப்படிகளை எண்ணி இதைத் தீர்மானிக்க முடியாது. மூன்றே உருப்படிகள் இருந்தும் மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் சுவரொட்டி உண்டு. இருபது கோடுகள் இருந்தும் அவை அனைத்தும் ஒரே உருவமாகக் கண்ணில் படுவதும் உண்டு.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. ‘மினிமல் ஆர்ட்’ என்னும் சொல், மெய்யியலாளர் ரிச்சர்ட் வோல்ஹைம் 1965இல் எழுதிய ஒரு கட்டுரையின் வழியாகப் பரவியது; அடுத்த ஆண்டு நியூயார்க்கின் யூத அருங்காட்சியகத்தில் நடந்த ‘பிரைமரி ஸ்ட்ரக்சர்ஸ்’ கண்காட்சி அந்த வகைச் சிற்பங்களைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. ஆனால் நாம் இங்கே பார்க்கப்போகும் சுவரொட்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. அவற்றை உருவாக்கியவர்கள் தங்களை மினிமலிஸ்டுகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அல்லர். பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தப் போக்கு எப்போது தொடங்கியது?

ஒரே தொடக்கம் என்று எதையும் சுட்ட முடியாது. வெறுமையைத் துணிந்து பயன்படுத்திய ஆரம்பகாலக் கண்காட்சிச் சுவரொட்டிகளுள் ஒன்றை, அலங்காரத்துக்கே பெயர்போன ஓர் ஓவியர் செய்தார் என்பது வேடிக்கை. வியன்னாவின் ‘செசஷன்’ கலைஞர் குழு 1898இல் நடத்திய முதல் கண்காட்சிக்குக் குஸ்தாவ் கிளிம்ட் வரைந்த சுவரொட்டியில், மேலே கிரேக்கப் புராண வீரன் தெஸியஸ், காளைத்தலை அரக்கன் மினோட்டாரோடு போரிடுகிறான். வலப்பக்கம் அதீனா தேவி நிற்கிறாள். நடுப்பகுதி முழுவதும் வெற்றுத்தாள். தெஸியஸின் நிர்வாணத்தைத் தணிக்கையாளர்கள் ஏற்காததால், மரத்தண்டுகளைக் குறுக்கே வரைந்து மறைத்த இன்னொரு பதிப்பு வந்தது. நடுவில் இருந்த வெறுமையின்மேல் யாரும் கைவைக்கவில்லை.

அடுத்த திருப்பம் கண்காட்சிக்கு வெளியே, வணிக விளம்பரத்தில் நிகழ்ந்தது. பெர்லினில் லூசியன் பெர்ன்ஹார்ட், பிரீஸ்டர் தீக்குச்சிகளுக்காக 1905, 1906 ஆண்டுகளையொட்டிச் செய்த சுவரொட்டியில் இரண்டு தீக்குச்சிகளும் நிறுவனத்தின் பெயரும் மட்டுமே இருந்தன. மேசை, மேசை விரிப்பு, சாம்பல் கிண்ணம், சுருட்டு, புகையில் ஆடும் பெண்கள் என்று முதலில் வரைந்திருந்த ஒவ்வொன்றையும் அவர் அழித்துக்கொண்டே போனதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எவ்வளவு மெருகேற்றப்பட்டதோ, சுவரொட்டி உண்மை.

பிறகு 1923இல் வைமாரில் நடந்த, பௌஹௌஸ் என்னும் ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியின் கண்காட்சிக்கு யோஸ்ட் ஷ்மிட் வட்டத்தையும் நீள்சதுரங்களையும் சாய்வாக அடுக்கிச் சிவப்பிலும் கறுப்பிலும் ஒரு சுவரொட்டி செய்தார். யான் ச்சிகோல்ட் 1928இல் வெளியிட்ட புதிய அச்செழுத்துக்கலை பற்றிய நூலில் அலங்காரத்தை நீக்குவதற்கான காரணங்களை ஒழுங்காக எழுதிவைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தச் சிந்தனை சுவிட்சர்லாந்தில், குறிப்பாகப் பாசலிலும் சூரிச்சிலும், வேரூன்றி ஒரு முறையாகவே ஆகிவிட்டது. ஆர்மின் ஹோஃப்மன், யோசப் முல்லர் பிராக்மன் ஆகிய இரு வடிவமைப்பாளர்களின் பெயர்கள் இங்கே தவிர்க்க முடியாதவை. பின்னாளில் ஹெல்வெடிகா என்று பெயர் மாற்றப்பட்ட எழுத்துருவும், ஆட்ரியன் ஃப்ரூட்டிகரின் யூனிவர்ஸ் எழுத்துருவும் ஒரே ஆண்டில், 1957இல், வெளிவந்தது இந்தச் சூழலில்தான்.

பொருள் விளம்பரத்துக்கும் கண்காட்சிச் சுவரொட்டிக்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் ஒரே உத்திதானே?

அல்ல. மற்ற விடைகள் எல்லாம் இந்த வேறுபாட்டைச் சார்ந்தவை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தீக்குச்சி விற்பவருக்குத் தீக்குச்சியைக் காட்டினால் போதும். வாங்குபவர் எடுத்துச் செல்லப்போவதும் அதைத்தான். கண்காட்சிக்கு வருபவரோ எதையும் எடுத்துச் செல்வதில்லை. பலவற்றை ஒருசேர வைத்து ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பார்க்கச் சொல்வதுதான் கண்காட்சி. எனவே, காட்சிப்பொருள்களுள் அழகான ஒன்றை எடுத்து நடுவில் வைத்துச் சுற்றிலும் வெறுமை விட்டால், சுவரொட்டி எளிமையாக இருக்கும்; ஆனால் அது அந்தப் பொருளின் விளம்பரமாகத்தான் இருக்கும். நல்ல கண்காட்சிச் சுவரொட்டி அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்து, அதை ஒரு வடிவமாக்குகிறது.

பாசலில் 1938இல் நடந்த தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் பற்றிய கண்காட்சிக்கு ச்சிகோல்ட் செய்த சுவரொட்டியைப் பாருங்கள். அதில் ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது, ஆனால் நெகட்டிவாக இருக்கிறது. புகைப்படம் ஒன்றைக் காட்டியிருந்தால் அது அந்தப் பெண்ணைப் பற்றிய சுவரொட்டி ஆகியிருக்கும். நெகட்டிவைக் காட்டியதால், தொழிலைப் பற்றியது ஆகிவிட்டது.

முல்லர் பிராக்மன் 1960இல் சூரிச்சின் கைவினைக்கலை அருங்காட்சியகத்தில் நடந்த திரைப்படக் கண்காட்சிக்குச் செய்ததும் இத்தகையதே. கரிய பின்புலத்தில் சாம்பல் நிறத்தில் ‘டெர்’ என்ற சிறுசொல் (ஆங்கில ‘தி’ போன்ற ஜெர்மன் சொல்). அதன்மேல் ஒரு பகுதி ஏறி நிற்கும்படி வெள்ளையில் ‘ஃபில்ம்’, அதாவது திரைப்படம். நடிகர் முகம் இல்லை, கேமரா இல்லை, படச்சுருள் இல்லை. மங்கிப்போகும் ஒரு காட்சியின்மேல் அடுத்த காட்சி தெளிந்து எழுவதைத் திரையரங்கில் பார்த்தவர் எவருக்கும், இந்த இரண்டு சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் விதம் எதைச் சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. சொற்களுக்கு மேலே உள்ள பெரிய கருமை அணைந்த விளக்குகளை நினைவூட்டுகிறது என்பது என் வாசிப்பு; அவர் அப்படி நினைத்தாரா என்பது வேறு.

படமே இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்துச் செய்யலாமா?

செய்யலாம். டச்சு வடிவமைப்பாளர் விம் க்ரௌவெல் இதில் முன்னோடி. ஐந்தோவன் நகரின் வான் அப்பே அருங்காட்சியகத்தில் 1957இல் நடந்த ஃபெர்னான் லெஜே கண்காட்சிக்கு, அந்த ஓவியரின் பெயரையே தடித்த கறுப்பு எழுத்துகளாக்கித் தாளை நிறைத்தார். லெஜேயின் ஓவியங்களில் உருவங்களைச் சூழ்ந்து நிற்கும் கனத்த கறுப்புக் கோடுகளை அறிந்தவர்களுக்கு அந்த எழுத்துகளே ஓவியம்போலத் தெரியும். அறியாதவர்களுக்குக் குறைந்தபட்சம் பெயராவது தூரத்திலிருந்து தெரியும். இரண்டு வகைப் பார்வையாளரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

ஹோஃப்மன் 1954இல் பாசலில் நடந்த ‘நல்ல வடிவம்’ கண்காட்சிக்குச் செய்த சுவரொட்டியில் எழுத்துகளின் சில பகுதிகளையே நீக்கிவிட்டார். மிச்சம் இருக்கும் வெள்ளைத் துண்டுகளைக் கண் தானே இணைத்து வாசித்துக்கொள்கிறது. நல்ல வடிவத்துக்கு எவ்வளவு போதும் என்ற கேள்வியை எழுத்தே எழுப்புகிறது.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. எழுத்து மட்டும் போதும் என்பது, தலைப்பை நல்ல எழுத்துருவில் இட்டு நடுவில் வைத்தால் போதும் என்று பொருள்படாது. மேலே சொன்ன இரண்டிலும் எழுத்துக்கு ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்கிறது. ஒன்றும் நிகழாத எழுத்து அறிவிப்புப் பலகைதான்.

காட்சிக்கு வைக்கப்படும் ஓவியத்தை வெட்டியோ அதன்மேல் எழுத்தை ஏற்றியோ பயன்படுத்தலாமா?

உரிமையாளரிடம் எழுத்துமூல அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். கலைப்படைப்பின் படத்தை முழுமையாகவே வெளியிட வேண்டும், ஓரத்தை வெட்டக்கூடாது, மேலே எதையும் அச்சிடக்கூடாது, நிறத்தை மாற்றக்கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் அருங்காட்சியகங்களும் கலைஞர்களின் வாரிசுகளும் பெரும்பாலும் படத்தைத் தருகின்றனர். மிகச் சிறந்த சுவரொட்டி யோசனைகள் பலவும் உடைவது இந்த இடத்தில்தான் என்பதால், வரையத் தொடங்கும் முன்பே உரிமை விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓவியத்தைத் தொட முடியாத நிலை எழுத்தையும் வெறுமையையும் நோக்கி வடிவமைப்பாளரைத் தள்ளுவதும் உண்டு. அதில் குறைசொல்ல எதுவும் இல்லை.

ஓர் உதாரணத்தை முதலிலிருந்து கடைசிவரை காட்ட முடியுமா?

பழைய பூட்டுகளின் கண்காட்சி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நூற்றுக்கு மேற்பட்ட பூட்டுகள். மரம், பித்தளை, இரும்பு என்று பல வகை.

முதல் வரைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்பது பூட்டுகளின் படங்கள் மூன்று வரிசையாக, மேலே தலைப்பு, பின்புலத்தில் பழைய கதவின் மரப்பரப்பு, ஓரத்தில் சாவிக்கொத்து, கீழே முகவரியும் நேரமும் ஆதரவாளர் சின்னங்களும். இதில் தவறு என்று எதையும் தனித்துச் சுட்ட முடியாது. பத்தடி தள்ளி நின்றால் ஒரு பழுப்புத் திட்டு மட்டும் தெரியும்.

இரண்டாம் வரைவில் எட்டுப் பூட்டுகளை நீக்கிவிட்டு, பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை வெண்பரப்பின் நடுவில் வைக்கிறோம். எளிமை வந்துவிட்டது. ஆனால் இதைப் பார்ப்பவர் இரும்புக்கடை விளம்பரம் என்றுதான் நினைப்பார். முன்னே சொன்ன தீக்குச்சி விவகாரம் இது.

இங்கே வரைவதை நிறுத்திவிட்டுக் கண்காட்சியைத் தொகுத்தவரிடம் போய், இவ்வளவு பூட்டுகளை ஒரே கூடத்தில் வைத்து என்ன காட்ட விரும்புகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “பூட்டைப் பார்த்தால் அதற்குப் பின்னால் எதை வைத்திருந்தார்கள் என்று தெரியும். எதை இழக்கப் பயந்தார்கள் என்று தெரியும்.” அப்படியானால் கண்காட்சி பூட்டைப் பற்றியது மட்டும் அன்று, பூட்டுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றியது. பார்வையாளரை உள்ளே எட்டிப் பார்க்க வைக்க வேண்டும்.

மூன்றாம் வரைவில் தாள் முழுவதும் ஒரே நிறம், நடுவில் கறுப்பில் ஒரு சாவித்துளை. எட்டிப்பார்க்கும் ஆசை வந்துவிட்டது. இருந்தும் இது துப்பறியும் நாடகத்தின் சுவரொட்டியாகவும் இருக்கலாம், பாதுகாப்பு மென்பொருளின் சின்னமாகவும் இருக்கலாம். குறைத்ததில் கண்காட்சியும் சேர்ந்து போய்விட்டது.

நான்காம் வரைவில் சாவித்துளையை எழுத்துக்குள் கொண்டுவருகிறோம். ‘பூட்டு’ என்ற சொல்லின் நடுவில் ட் நிற்கிறது. டகரத்தின் மேற்பகுதி திறந்த வெளி. ஒரு செங்குத்துக் கோடும் அடியில் ஒரு படுகிடைக் கோடும்தான். அதன் புள்ளியைச் சற்றே பெரிதாக்கி, கீழ்நோக்கி ஒரு சிறு பிளவு விட்டால், சாவித்துளை அந்த வெளிக்குள் இயல்பாக இறங்கி அமர்ந்துவிடுகிறது. சொல்லும் உருவமும் ஒன்றாகிவிட்டதால் தனிப்படம் தேவையில்லை. அந்தத் துளைக்குள் மட்டும் மஞ்சள் வெளிச்சம். தாளில் வேறெங்கும் மஞ்சள் கிடையாது. நாளும் இடமும் நேரமும் கீழே இடப்பக்கம் ஒரே அளவு எழுத்தில், மூன்று வரிகளில் வருகின்றன. தொலைபேசி எண், வழி, கட்டண விவரம் ஆகியவை இணையப் பக்கத்துக்குப் போகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம்: மற்ற வரிகளில் வரும் புள்ளிகள் சாதாரணப் புள்ளிகளாகவே இருக்க வேண்டும். ஆசையில் அவற்றையும் சாவித்துளை ஆக்கினால் அது அலங்காரமாகிப் பொருளிழந்துவிடும்.

தமிழ் எழுத்து மினிமலிச வடிவமைப்புக்கு ஏற்றதா? சொற்கள் நீளமாக இருக்கின்றனவே?

ஏற்றதுதான், ஆனால் சுவிஸ் சுவரொட்டிகளின் அளவுகளை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது. லத்தீன் எழுத்துகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இருப்பதால், பெரிய எழுத்துகளால் மட்டும் எழுதப்பட்ட ஒரு சொல் மேலும் கீழும் சமமான ஒரு பட்டையாக நிற்கும். தமிழில் அந்த வசதி இல்லை. கி, கீ ஆகியவற்றின் மேல்வளைவும் புள்ளியும் மேலே எழும்பும். மு, ழு, ரு ஆகியவற்றின் சுழிகள் கீழே இறங்கும். வரிகளை நெருக்கி அடுக்கினால் மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். வெளிநாட்டுச் சுவரொட்டியில் அழகாகத் தெரியும் நெருக்கமான வரியடுக்கைத் தமிழில் முயலும்போது முதலில் உடைவது இதுதான்.

இடைவெளியை விரிப்பதிலும் சிக்கல் உண்டு. லத்தீன் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் ஒரு நிதானமான தோற்றம் கிடைக்கும். தமிழில் அதே கட்டளையை மென்பொருளில் கொடுத்தால் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளாகப் பிரிந்து நிற்கக்கூடும். உயிர்மெய்யை ஓர் அலகாகக் கொண்டு, இடைவெளியைக் கையால் சரிசெய்வதே பாதுகாப்பு. தமிழை முறையாகக் கோக்கத் தெரியாத அமைப்பில் மென்பொருள் இருந்தால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய்விடும் அபாயமும் உண்டு. அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

சாதகங்களும் குறைவில்லை. ‘கண்காட்சி’ என்ற சொல்லையே பெரிதாக எழுதிப் பாருங்கள். ஐந்து எழுத்து, இரண்டு புள்ளி, கீழே இறங்கும் சுழி ஒன்றும் இல்லை. அடிக்கோடு நேராக இருக்கும். அந்த இரண்டு புள்ளிகள் விழும் இடத்திலிருந்தே ஒரு சுவரொட்டியின் அமைப்பைத் தொடங்கலாம். நீளமான சொல்லை மிகப் பெரிதாக்கித் தாளின் ஓரத்துக்கு வெளியே ஓடவிடுவதும் நல்ல வழி. வாசிக்கத் தேவையான பகுதி உள்ளே இருந்தால் போதும், கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

இரண்டு மொழிகளில் தலைப்பு வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

இரண்டையும் ஒரே அளவில் போட்டால் இரண்டு தலைப்புள்ள சுவரொட்டி கிடைக்கும். ஒன்றை உருவமாக்குங்கள், மற்றதை விவர வரிகளின் அளவில் வையுங்கள். எது பெரிது என்பதில் அமைப்பாளர்களுக்குள் உடன்பாடு வராவிட்டால், மொழிக்கு ஒன்றாக இரண்டு சுவரொட்டிகள் அச்சிட்டு அருகருகே ஒட்டுவது மேல்.

கட்டச் சட்டகம் கட்டாயமா?

எழுத்தையும் படத்தையும் நேராக நிறுத்துவதற்காகத் தாளைக் கட்டங்களாகப் பிரிக்கும் கோடுகளைத்தான் கட்டச் சட்டகம் என்கிறோம். அது கட்டாயம் இல்லை. ஆனால் உருப்படிகள் குறையக் குறைய ஒவ்வொன்றின் இடமும் அதிகமாகக் கண்ணில் படும் என்பதை மறக்கக்கூடாது. நெரிசலான சுவரொட்டியில் ஒரு வரி 2 மி.மீ. விலகி நின்றால் யாருக்கும் தெரியாது. வெற்றுப்பரப்பில் தனியாக நிற்கும் இரண்டு வரிகளின் இடவோரம் அதே அளவு பிசகினால் சுவரொட்டியே கோணலாகத் தெரியும். சட்டகம் அதற்கான காப்பு. முல்லர் பிராக்மன் 1981இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் 1968இல் நடந்த வடிவமைப்பாளர்கள் கண்காட்சிக்கோ, வழக்கமாக மறைந்திருக்கும் சட்டகக் கோடுகளையே க்ரௌவெல் அச்சிட்டுக் காட்டிவிட்டார். எழுத்துகளும் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே வரையப்பட்டன. வடிவமைப்பாளர்களைப் பற்றிய கண்காட்சிக்கு அவர்களுடைய பணிக்கருவியே சுவரொட்டி.

ஆதரவாளர்களின் சின்னங்களை எங்கே வைப்பது?

இதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். எழுத்துருவையும் நிறத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசி முடித்த பிறகு, கடைசி வாரத்தில் ஒன்பது சின்னங்கள் மின்னஞ்சலில் வந்துசேரும்; ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றும் ஒரு வடிவம்.

ஒப்பந்தம் எழுதும்போதே இதைப் பேசிவிடுவதுதான் நான் கண்ட ஒரே நல்ல வழி. சின்னங்கள் ஒரே நிறத்தில் வரும், ஒரே வரிசையில் வரும், உயரம் இவ்வளவுதான் என்று எழுத்தில் இருக்கட்டும். முதன்மை ஆதரவாளர் ஒருவரின் பெயர் மட்டும் சுவரொட்டியிலும், மற்றவர்களின் சின்னங்கள் அரங்க நுழைவாயிலிலும் கையேட்டிலும் இடம்பெறும் என்று முடிவுசெய்வது இன்னும் நல்லது. பேச நேரம் கடந்துவிட்டதென்றால், தாளின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டையை ஒதுக்கி, சுவரொட்டி அதற்கு மேலே முடிந்துவிடுவதுபோல வடிவமைத்துவிடுங்கள். வெறுமையின் நடுவே சின்னங்களைத் தூவுவது மட்டும் வேண்டாம்.

எத்தனை நிறங்கள் பயன்படுத்தலாம்?

தாளின் நிறத்தைச் சேர்க்காமல் இரண்டு என்பது நல்ல தொடக்கம். மூன்றாவது நிறம் வேண்டுமென்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும், பூட்டின் மஞ்சளைப்போல.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 10 அடிக்கு 1 அங்குல உயரம். அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் தூரத்திலிருந்து வசதியாக வாசிக்க 2.5 செ.மீ. உயர எழுத்து. தமிழில் வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் நான் இதைவிடச் சற்றுக் கூட்டியே வைப்பேன்.

தாள் அளவு ஏ1 என்றால் 594 × 841 மி.மீ. சுவிட்சர்லாந்தின் வழக்கமான தெருச் சுவரொட்டி 90.5 × 128 செ.மீ.; அதாவது ஏ1ஐப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான பரப்பு. அந்தச் சுவரொட்டிகளைப் புத்தகத்தில் உள்ளங்கை அளவில் பார்த்துவிட்டு, விவர வரிகள் அவ்வளவு பொடியாக இருக்கலாம் என்று முடிவுகட்டுவோர் பலர். அசலில் அந்தப் பொடி எழுத்துகள் விரல் அகலம் இருக்கும்.

திரையில் பார்த்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். சாதாரண ஏ4 தாள்களில் பகுதி பகுதியாக அச்சிட்டு ஒட்டி, சுவரில் மாட்டி, பின்னோக்கி நடந்து பாருங்கள். எந்த அடியில் தலைப்பு தெரியாமல் போகிறது, எந்த அடியில் தேதி தெரியாமல் போகிறது என்று தரையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டால் வாதம் சீக்கிரம் முடிந்துவிடும்.

அச்சில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெரிய கரும்பரப்பு இருந்தால், கறுப்பு மை மட்டும் அடித்தால் அது அடர்சாம்பலாகத்தான் தெரியும். கறுப்பு 100 விழுக்காட்டோடு நீலம் 40, மெஜந்தா 30, மஞ்சள் 30 என்பதுபோலச் சேர்த்து அடிப்பது வழக்கம். சரியான விகிதத்தை அச்சகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அது தாளையும் இயந்திரத்தையும் பொறுத்தது. ஆனால் நான்கு மைகளால் ஆன கறுப்பின் நடுவே பொடி வெள்ளை எழுத்து இருந்தால், மைக்கு ஒன்றாக உள்ள அச்சுத்தகடுகளில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ணம் கசியும். தமிழில் முதலில் பலியாவது புள்ளி. சுற்றியுள்ள மை உள்ளே பரவி, ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். விவர வரிகளைச் சற்றுத் தடித்த எழுத்திலும், புள்ளியைச் சற்றுப் பெரிதாகவும் வைத்தால் தப்பிக்கலாம்.

பளபளப்பான தாளில் கரும்பரப்பு கண்ணாடிபோல விளக்குகளைப் பிரதிபலிக்கும். பூச்சில்லாத தாளோ மங்கல் பூச்சுள்ள தாளோ நல்லது. 150 முதல் 170 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம் சுவரில் சுருங்காமல் நிற்கும். மங்கல் கருமையில் விரல்தடம் பதியும் என்பதை ஒட்டுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓரம்வரை நிறம் ஓடுகிறதென்றால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட மறக்காதீர்கள்.

கியூஆர் குறியீடு வடிவமைப்பைக் கெடுக்கிறதே?

கெடுக்கும்தான். அதை ஓர் உருவமாக ஏற்றுக்கொண்டு, விவர வரிகளின் இடவோரத்தோடு பொருத்தி வையுங்கள். சுற்றிலும் குறியீட்டின் சிறு கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெறுமை விட வேண்டும் என்பது அந்தக் குறியீட்டின் விதியே. மினிமலிஸ்டுகளுக்கு இதில் மனக்குறை இருக்க முடியாது.

இவை எல்லாமே குளிர்ந்துபோய், ஒன்றுபோல இருக்கின்றன என்ற குற்றச்சாட்டு நியாயமானதா?

பாதி நியாயம். ஒரே எழுத்துரு, ஒரே இடவோரம், ஒரே வெண்பரப்பு என்று கண்காட்சி எதுவானாலும் ஒரே அச்சில் வார்த்தால் குளிரத்தான் செய்யும். அந்தக் குறை, கண்காட்சியைப் பற்றி யோசிக்காமல் பாணியை மட்டும் எடுத்துக்கொள்வதால் வருவது.

ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம். போருக்குப் பின் அதன் இயக்குநராக இருந்த வில்லம் சாண்ட்பெர்க் தாமே சுவரொட்டிகளையும் கையேடுகளையும் வடிவமைத்தார். கையால் கிழித்த தாளையே எழுத்துகளாக்கினார்; ஓரங்கள் பிசிறாக இருக்கும்; சிவப்பு சிவப்பாகவே இருக்கும். அவருக்குப் பின் 1964 முதல் 1985 வரை அதே அருங்காட்சியகத்துக்குச் செய்தவர் க்ரௌவெல். அவரிடம் எல்லாம் சட்டகத்துக்குள், எல்லாம் கூர்மையாக. இருவருமே மிகச் சில உருப்படிகளைக் கொண்டுதான் வேலை செய்தனர். கிழிந்த தாளின் சூடு ஒருவரிடம், அளவுகோலின் நிதானம் மற்றவரிடம். எனக்குத் தனிப்பட்ட முறையில் சாண்ட்பெர்க் மேல் சாய்வு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

எல்லாக் கண்காட்சிக்கும் இந்த முறை பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். மிகுதியே தன் பொருளாக உள்ள கண்காட்சிகள் உண்டு: நாடக உடைகள், திருவிழா முகமூடிகள், குழந்தைகளின் ஓவியங்கள். அங்கே ஒற்றை வட்டத்தை நடுவில் வைப்பது அடக்கம் அன்று, பார்வைக் குறைபாடு.

இவ்வளவு குறைவாக வரைந்துவிட்டுக் கட்டணம் ஏன் குறையவில்லை என்று கேட்கிறார்கள்.

நான்கு வரைவுகளையும் வரிசையாக மேசைமேல் வைத்துக் காட்டுங்கள். நான்காவதை மட்டும் காட்டுவதால்தான் இந்தக் கேள்வி வருகிறது.

தேதியோடு ஆண்டையும் போட வேண்டுமா? அதுவும் நீக்கக்கூடியதுதானே?

போடுங்கள். நாளும் மாதமும் மட்டும் உள்ள பழைய கண்காட்சிச் சுவரொட்டிகள் ஏராளம். கண்காட்சி நடந்த ஊரில் அந்த மாதத்தில் அதைப் பார்த்தவருக்கு அது போதுமாயிருந்தது. பிறகு அதைச் சேகரித்து, பட்டியலிட்டு, பெட்டியில் வைக்கும் ஆவணக் காப்பாளர், நாளையும் கிழமையையும் ஒத்துப்பார்த்து ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நான்கு இலக்கங்கள் விவர வரியில் ஒரு விரல் இடத்தைத்தான் எடுக்கும்.